திருவிழா மேடையில் ஆபாசத்தைத் தடுக்க: செட்டிநாட்டு ஊர்களுக்கு ஒரு வழிகாட்டி

காரைக்குடி, தேவகோட்டை வட்டாரச் சிற்றூர்களில் ஆபாச ஆடல் பாடலை எதிர்ப்பவர்களில் பலர் காப்புக் கட்டிய பிறகே பேசத் தொடங்குகின்றனர். அதற்குள் ஆடல் பாடல் குழுவுக்கு முன்பணம் கொடுத்துச் சுவரொட்டியும் ஒட்டிவிடுவதால், அவர்களின் பேச்சு எடுபடுவதில்லை. பங்குனி, சித்திரைத் திருவிழாக்களை மனத்தில் கொண்டு தை மாதமே வேலையைத் தொடங்குங்கள். ஜனவரி 26 அன்று கூடும் கிராம சபைக்கு மகளிர் சுயஉதவிக் குழுவினர் திரளாகச் சென்று, தங்கள் கோரிக்கையைத் தீர்மானமாகப் பதிவு செய்யக் கேட்கலாம்.

அடுத்து, பணம் வரும் வழியைப் பாருங்கள். தலைக்கட்டு வரி கொடுக்கும் குடும்பங்களும் சிங்கப்பூர், மலேசியாவிலிருந்து நன்கொடை அனுப்பும் உறவினர்களும், தங்கள் பணம் இதற்குச் செலவாகக் கூடாது என்று விழாக் கமிட்டிக்கு எழுதித் தந்தால், அதற்கு இருக்கும் வலு எந்தத் துண்டறிக்கைக்கும் இல்லை. கமிட்டி இளைஞர்களைப் பொது இடத்தில் பழிக்க வேண்டாம். அது வீம்பில் முடியும்.

எதிர்ப்பு ஒருபோதும் ஆடும் பெண்கள் மீது திரும்பக் கூடாது. சட்டையில் ரூபாய் நோட்டைக் குத்த மேடையேறுபவரையும், உடை மாற்றும் இடத்தில் கைபேசியை நீட்டுபவரையும் விட்டுவிட்டு, கூலிக்கு ஆட வந்தவளை ஏசுவது நேர்மையாகாது. புதுக்கோட்டையில் 1886இல் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி, தேவதாசி முறை ஒழியச் சட்டம் கேட்டதோடு நில்லாமல், ஆதரவற்ற பெண்களுக்காக அவ்வை இல்லத்தையும் தொடங்கினார். ஆகவே நிகழ்ச்சி நடந்தே தீரும் என்றால், பாடல் பட்டியல், உடை, மேடைக்கும் கூட்டத்துக்கும் இடையே தடுப்பு, பெண்களுக்குப் பூட்டக்கூடிய அறை, பாதியில் நிறுத்தினாலும் முழுக் கூலி ஆகியவற்றை ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள்.

ஆபாச நடனமும் இரட்டை அர்த்தப் பாடலும் கூடாது என்ற நிபந்தனையுடன்தான் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை இத்தகைய நிகழ்ச்சிகளுக்குப் பலமுறை அனுமதி அளித்துள்ளது. அந்த நிபந்தனைகளை அனுமதிக் கடிதத்திலேயே குறிப்பிடுமாறு காவல் நிலையத்தில் மனுக் கொடுத்து, மனு ரசீதைக் கேட்டு வாங்குங்கள். பலன் இல்லையெனில் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் ஆட்சியரிடம் செல்லலாம். பொது இடத்தில் பிறருக்குத் தொல்லையாகும் ஆபாசச் செயலும் பாட்டும் பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 296ஆம் பிரிவின்படி குற்றமாகும். ஆபாசக் காணொளியை இணையத்தில் ஏற்றுவோருக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67ஆம் பிரிவு பொருந்தும்.

மாற்று நிகழ்ச்சியாக வள்ளி திருமண நாடகத்தைப் பரிந்துரைப்போர் உண்டு. நல்ல யோசனைதான், ஆனால் அதில் பபூன் எனப்படும் கோமாளியும் நடனக்காரியும் பேசும் பகுதி சில வேளைகளில் ஆடல் பாடலையே விஞ்சிவிடும் என்பதை நாடகம் பார்த்தவர்கள் அறிவார்கள். அங்கும் முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டும்.

ஆதாரம் திரட்டும்போது ஓர் எச்சரிக்கை. சிறுவர், சிறுமியரைப் பாலியல் நோக்கில் காட்டும் படமோ காணொளியோ கண்ணில் பட்டால், நல்லெண்ணத்தில்கூட அதை வாட்ஸ்அப் குழுவில் பகிராதீர்கள். அதைப் பகிர்வது மட்டுமன்றி, பார்ப்பதும் வைத்திருப்பதும்கூடக் குற்றமாகலாம் என உச்ச நீதிமன்றம் 2024 செப்டம்பரில் தீர்ப்பளித்துள்ளது. இணைப்பு முகவரியையும் நேரத்தையும் தாளில் குறித்துக்கொண்டு தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பதிவு செய்யுங்கள். அங்கே பெயர் சொல்லாமலும் புகார் அளிக்கலாம். குழந்தை ஆபத்தில் இருப்பதாகத் தெரிந்தால் உடனே 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை அழையுங்கள். அந்தக் குழந்தையின் பெயரையோ தெருவையோ கூட்டத்திலும் துண்டறிக்கையிலும் வெளியிடாதீர்கள்.