கொழும்புப் புழுக்கத்தில் காது கேட்கும் கருவி

வாங்க முதல் வைத்தியரிடம் காட்டிக் குறும்பியை எடுப்பித்து, கேள்திறன் சோதனை செய்யுங்கள். அந்தச் சோதனையின் வரைபடத்தைப் பாராமல் கருவி தருபவரிடம் வாங்கவே வேண்டாம். கை நடுங்கும் பெரியவர்களுக்குக் காதுக்குப் பின்னால் மாட்டும் வகைதான் சரி. அதற்குப் பெரும்பாலும் 13ஆம் இலக்கப் பற்றரி, செம்மஞ்சள் ஒட்டி. உரித்ததும் ஒரு நிமிடமாவது காற்றுப்பட விட்டுப் போடுங்கள். காற்று உள்ளே போனால்தான் அது வேலை செய்யும்.

இங்கே கருவிக்கு முதல் எதிரி வியர்வை. வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்கு நெரிசல் பஸ்ஸில் போனாலே கருவியிலிருந்து காதுக்குள் போகும் குழாய்க்குள் நீர்த்துளி கட்டிவிடும், சத்தம் விட்டுவிட்டு வரும். இரவில் பற்றரிக் கதவைத் திறந்து, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மணிகள் போட்ட இறுக்கமான டப்பாவில் வையுங்கள். நிறம் மாறும் மணிகள் நல்லது, மாற்றும் நேரம் தெரியும். வெயிலில் காயவைக்காதீர்கள்.

காது அச்சை (காதுக்குள் பொருந்தும் பகுதியை) மட்டும் கழற்றி, வெதுவெதுப்பான சவர்க்கார நீரில் கழுவி, ஊதுபந்தால் குழாய்க்குள் காற்றடித்து, நன்றாகக் காய்ந்தபின் மாட்டுங்கள். கருவியில் தண்ணீரோ ஸ்பிரிட்டோ படக் கூடாது. குழாய் மஞ்சளித்து விறைத்தால் மாற்றுங்கள்.

கீச்சென்று கத்தினால் அச்சு சரியாக மாட்டாமல் இருக்கிறதா, காதில் குறும்பி அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் அச்சு தளர்ந்திருக்கும். புதிதாக அளவெடுக்க வேண்டும்.