கமிட் எமோஜி: சீனக் கேள்விகளைத் தமிழாக்கலாம்

நாகர்கோவிலில் எங்கள் குழு கமிட் (கோடில் செய்த மாற்றத்தைக் குறிப்போடு சேமிக்கும் பதிவு) எழுத, கேள்வி கேட்டு அந்தக் குறிப்பை அமைத்துத் தரும் சிஇசட்-கிட் (cz-git) கருவியைப் பயன்படுத்துகிறது. எங்களுக்குக் கிடைத்த கான்ஃபிக் (அமைப்பு) கோப்பில் கேள்விகள் எல்லாம் சீன மொழியில்! தக்கலையிலிருந்து புதிதாக வந்த தம்பி, என்ன கேட்கிறது என்றே புரியாமல் என்டர் தட்டிக்கொண்டிருந்தான்.

‘மெசேஜஸ்’ பகுதியில் இருக்கும் சீன வரிகளை அழித்துவிட்டுத் தமிழில் எழுதுங்கள், அவ்வளவுதான். ‘டைப்ஸ்’ (கமிட் வகைகள்) பகுதியில் விளக்கத்தை மட்டும் மாற்றுங்கள். ஃபீட் (feat), ஃபிக்ஸ் (fix) போன்ற மதிப்புகளைத் தொடவே வேண்டாம். ‘யூஸ்எமோஜி’யை ட்ரூ ஆக்கினால் ✨ புது வசதி, 🐛 பிழைதிருத்தம் என எமோஜி தானாகச் சேரும்.

அப்புறம், முக்கியமாக ஒன்று: எமோஜி, வகைக்கு அடுத்து வரும் முக்காற்புள்ளிக்குப் (:) பிறகே இருக்கட்டும். வரியின் தொடக்கத்தில் வைத்தால், வழக்கமான அமைப்பில் ஓடும் கமிட்லின்ட் (கமிட் குறிப்பைச் சரிபார்க்கும் கருவி) வகையை அடையாளம் காணாமல் கமிட்டையே நிறுத்திவிடும். எங்களுக்கு ஒரு மதியம் முழுக்க இதிலேயே போனது.