பிட்யூட்டரி கட்டியும் காய்ச்சலும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மூளையின் அடியில் உள்ள ஹார்மோன் சுரப்பியான பிட்யூட்டரியில் வரும் கட்டிகள் பெரும்பாலும் புற்றுநோய் அல்லாதவை. மூக்கின் வழியாக அவற்றை அகற்றிய பின் தொற்று ஏற்பட்டால், நான் பயிற்சிக் காலத்தில் செய்த பிழைகளையே இன்றைய இளம் மருத்துவர்களும் செய்கிறார்கள். கைகழுவுதல் போன்ற பாலபாடங்களை இங்கே விட்டுவிடுகிறேன்.

காய்ச்சல் வந்ததும் ஸ்டீராய்டை நிறுத்துவது

"ஸ்டீராய்டு எதிர்ப்புச் சக்தியைக் குறைக்குமே, தொற்று இருக்கும்போது எதற்கு?" என்ற வாதம் எனக்கு இன்றும் எரிச்சலூட்டுகிறது, இதே வாதத்தை நம்பி, கேஸ் ஷீட்டில் ஹைட்ரோகார்டிசோனை (பிட்யூட்டரி தூண்டாததால் அட்ரினல் சுரப்பி சுரக்காத கார்டிசால் ஹார்மோனுக்கு ஈடாகத் தரும் ஸ்டீராய்டு) கோடு போட்டு அடித்தவன் நான். அறுவைச் சிகிச்சை முடிந்த ஐந்தாம் நாள் அந்தப் பெண்மணிக்குக் காய்ச்சலும் வாந்தியும் வந்தன. மறுநாள் விடியற்காலையில் மேல் ரத்த அழுத்தம் 70, சோடியம் 118; இரண்டுமே அபாயகரமாகக் குறைவு. தொற்று முற்றிவிட்டது என்று ஆன்டிபயாடிக்கை மாற்றிக்கொண்டிருந்தேன். பொட்டாசியம் சரியாக இருந்ததால் அட்ரினல் பக்கம் யோசிக்கவேயில்லை. பிட்யூட்டரியின் தூண்டுதல் நின்றாலும், பொட்டாசியத்தை வெளியேற்றும் அட்ரினல் ஹார்மோனான ஆல்டோஸ்டிரோனின் சுரப்பு பெரிதாகக் கெடுவதில்லை, ஆகவே பொட்டாசியம் ஏறாது என்பது அன்று எனக்கு உறைக்கவில்லை. ரவுண்ட்ஸ் வந்த பேராசிரியர் ஒரு வார்த்தையும் பேசாமல், 100 மில்லிகிராம் ஹைட்ரோகார்டிசோனைத் தாமே நரம்பில் ஏற்றினார். மதியத்துக்குள் நோயாளி எழுந்து உட்கார்ந்து மோர் கேட்டார்.

காய்ச்சலின்போது ஆரோக்கியமான உடல் தானாகவே கார்டிசாலைக் கூட்டிக்கொள்ளும். இவர்களால் அது முடியாததால் மாத்திரையின் அளவை இரண்டு, மூன்று மடங்காக்க வேண்டும். வாந்தி இருந்தால் மாத்திரையை நம்பாமல் 100 மில்லிகிராம் ஊசியும், அதன்பின் 24 மணி நேரத்துக்கு 200 மில்லிகிராமும், கூடவே சலைனும் தர வேண்டும்.

தைராக்ஸினை முதலில் தொடங்குவது

கார்டிசாலோடு தைராய்டு ஹார்மோனும் குறைந்திருந்தால் இது கூடாது. முதலில் கார்டிசால், பிறகுதான் தைராக்ஸின்.

மூக்கில் நீர் வடிவதை ஜலதோஷம் என்பது

குனிந்தால் ஒரு பக்க மூக்கிலிருந்து தண்ணீர்போல் சொட்டுவது மூளையைச் சுற்றியுள்ள திரவமாக இருக்கலாம். அது கசியும் வழியிலேயே கிருமி மேலேறி மூளைச்சவ்வைத் தாக்கும். சர்க்கரைப் பட்டையில் சோதித்துத் திருப்தி அடையாமல், அந்தத் திரவத்தை அடையாளம் காட்டும் புரதமான பீட்டா-2 டிரான்ஸ்ஃபெரினுக்கான பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். கத்தியே படாதவர்களுக்கும் இது நேரும்: காபர்கோலின் மாத்திரையில் புரோலாக்டின் கட்டி (புரோலாக்டின் ஹார்மோனைச் சுரக்கும் பிட்யூட்டரி கட்டி) சுருங்கும்போது, அது அரித்து வைத்திருந்த எலும்பின் ஓட்டை திறந்துகொள்ளும்.

சீழைக் கட்டி என்று முடிவுகட்டுவது

எம்.ஆர்.ஐ.யில் ஓரம் மட்டும் வளையமாக ஒளிரும் கட்டியுடன், அறுவைக்கு முன்பே அடங்காத தாகமும் ஓயாத சிறுநீரும் இருந்தால், காய்ச்சல் இல்லாவிட்டாலும் சீழைச் சந்தேகிக்க வேண்டும். எடுத்ததையெல்லாம் ஃபார்மலினில் போட்டு பயாப்ஸிக்கு மட்டும் அனுப்பிவிட்டால், கல்ச்சரில் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனையில்) வளர்வதற்கு எந்தக் கிருமியும் உயிரோடு இருக்காது.