நைரோபி தேசியப் பூங்கா: பதினான்கு பேருடன் ஒரு பகல்

ஊரிலிருந்து வந்த உறவினர்கள் ஆறு பேர், நைரோபியில் வேலை பார்க்கும் எங்கள் இரண்டு குடும்பங்களில் எட்டுப் பேர். எல்லோருக்கும் பொதுவாக வாய்த்த விடுமுறை ஒரே ஒரு ஞாயிறு. தொலைவில் இருக்கும் மசாய் மாரா என்ற வனவிலங்குக் காப்பகத்துக்குப் போனால் போக்குவரத்திலேயே அந்த நாள் தீர்ந்துவிடும். நகர மையத்திலிருந்து சுமார் ஏழு கிலோமீட்டரில் இருக்கும் நைரோபி தேசியப் பூங்காவைத் தேர்ந்தெடுத்தோம். 1946-இல் அமைக்கப்பட்ட கென்யாவின் முதல் தேசியப் பூங்கா அது. பரப்பு 117 சதுர கிலோமீட்டர். ஒட்டகச்சிவிங்கியின் கழுத்துக்குப் பின்னால் உயரக் கட்டடங்கள் தெரியும். தலைக்கு மேலே, தூண்களில் ஏறிச் செல்லும் பாலத்தில் ரயில் போகும்.

புறப்படும் முன்பே ஒன்றைச் சொல்லிவிடுங்கள்: இங்கே காட்டு யானை கிடையாது. நான் சொல்லத் தவறியதால் எங்கள் அத்தை மாலை வரை "யானை எப்போதப்பா வரும்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். காண்டாமிருகம், சிங்கம், காட்டெருமை, வரிக்குதிரை, நீர்யானை எல்லாம் உண்டு.

வண்டி

முப்பது பேர் உட்காரும் பஸ் தலைக்குக் குறைந்த செலவில் முடியும். ஆனாலும் எடுக்காதீர்கள். பாதிப் பேருக்கு அடுத்தவர் தோள்தான் தெரியும். கூரையைத் தூக்கி நிறுத்தக்கூடிய வேன்கள் இரண்டு, வேனுக்கு ஏழு பேர் என்று பிரித்தோம். எல்லோருக்கும் ஜன்னல் கிடைத்தது. மார்ச் முதல் மே வரையிலான மழைக்காலத்தில் போவதாக இருந்தால் நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியாகவே கேளுங்கள். பூங்காவின் பெரும்பகுதி நம் கரிசல் போன்ற கறுப்பு மண். கோவில்பட்டிப் பக்கம் மழையில் நடந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

நுழைவுச் சீட்டு: இங்கேதான் சறுக்கினேன்

வாசலில் ரொக்கம் வாங்குவதில்லை. ஈசிட்டிசன் என்ற அரசு இணையதளத்தில், எம்-பெசா என்ற கைபேசிப் பணச் சேவை மூலமோ வங்கி அட்டை மூலமோ கட்ட வேண்டும். கட்டணம் அவ்வப்போது மாறுவதால் தொகையை அங்கேயே பார்த்துக்கொள்ளுங்கள். கவனிக்க வேண்டியது பிரிவுகளைத்தான். எந்த நாட்டுக் குடிமகன், கென்யாவில் வசிப்பவரா, வெளியிலிருந்து வருபவரா என்பதைப் பொறுத்துத் தனித்தனிக் கட்டணம். ஒவ்வொன்றிலும் பெரியவர், சிறுவர் என்று மறுபடியும் பிரிவு. வண்டிக்கும் தனியாக உண்டு, அது இருக்கைகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது.

முந்தைய இரவே உட்கார்ந்து எல்லாம் சரியாகக் கட்டினேன். காலை ஆறே காலுக்கு வாசலில் நின்றபோது, உள்ளூர்க் கட்டணம் கட்டிய இரண்டு பேர் வசிப்பிட அட்டையை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தது தெரிந்தது. அட்டை இல்லையென்றால் வெளிநாட்டுக் கட்டணம்தான். காவலர் பொறுமையாகத்தான் சொன்னார். மீதித் தொகையைக் கட்ட முயன்றால், ரகசிய எண் கேட்கும் செய்தி வீட்டில் இருந்த என் இன்னொரு கைபேசிக்குப் போயிருக்கிறது! ஐம்பது நிமிடம் போனது. சிங்கம் நடமாடும் குளிர்ந்த நேரம் முழுவதையும் வாகன நிறுத்தத்தில் கழித்தோம்.

இப்போது என் வழக்கம் இது: முதல் நாள் மாலையே எல்லோரும் அட்டையையோ பாஸ்போர்ட்டையோ படம் எடுத்து எனக்கு அனுப்ப வேண்டும். படம் வந்த பிறகுதான் பணம் கட்டுவேன். காலையில் வேன் ஏறும்போது அசலைக் கையில் தூக்கிக் காட்ட வேண்டும். பள்ளிக்கூட வாத்தியார் என்று கேலி செய்கிறார்கள், செய்யட்டும்.

சாப்பாடு

புளியோதரையை எவர்சில்வர் டப்பாவில் எடுத்துப் போங்கள். கென்யாவில் பிளாஸ்டிக் பைகளுக்கு 2017 முதல் தடை. தேசியப் பூங்காக்களுக்குள் ஒருமுறை பயன்படுத்தும் பாட்டில், தட்டு, கரண்டி ஆகியவற்றுக்கும் 2020 ஜூன் முதல் தடை. உணவுக்கென ஒதுக்கிய இடங்களில் மட்டுமே இறங்கிச் சாப்பிடலாம். பபூன் குரங்குகளுக்கும் அந்த இடங்கள் நன்றாகத் தெரியும். டப்பாவைத் திறந்து வைத்துவிட்டுப் படம் எடுக்கத் திரும்பாதீர்கள்.

உள்ளே

தொலைநோக்கி எட்டு மடங்கு போதும். பத்து மடங்குதான் உசத்தி என்று கடைக்காரர்கள் சொல்வார்கள்; வேனின் அதிர்வில் அது கண்ணுக்குள் ஆடும். கைபேசியில் பெரிதாக்கி எடுத்த சிங்கம் பழுப்புத் தலையணை போல இருக்கும், ஆசையை விட்டுவிடுங்கள். எதையாவது கண்டால் முதலில் என்ஜினை நிறுத்தச் சொல்லுங்கள். ஓட்டுநர்கள் தங்களுக்குள் செய்தி பரிமாறிக்கொள்வார்கள். "சிம்பா" என்றால் சிங்கம், "கிஃபாரு" என்றால் காண்டாமிருகம். இந்த இரண்டு சொல் காதில் விழுந்தால் இட்லியைக் கீழே வைத்துவிடலாம்.

நீர்யானைக் குட்டைக்கருகே ஆயுதம் ஏந்திய காவலருடன் ஆற்றோரமாக நடக்கலாம். பிள்ளைகளுக்கு வேனுக்குள்ளேயே கிடக்கும் அலுப்பு அங்கேதான் தீர்ந்தது. யானை வேட்டைக்கு எதிராகத் தந்தத்தை எரித்த இடத்திலும் நிறுத்துங்கள். 1989-இல் அப்போதைய கென்ய அதிபர் மோய் 12 டன் தந்தத்துக்கு அங்கே தீ மூட்டினார். 2016-இல் 105 டன் எரிக்கப்பட்டது. வளவளவென்று பேசிக்கொண்டு வந்த எங்கள் கூட்டம் அங்கே கொஞ்ச நேரம் வாயைத் திறக்கவில்லை.

மாலை ஆறு மணிக்குள் வெளியேறியாக வேண்டும். ஐந்து மணிக்கே வாசல் பக்கம் திரும்பிவிடுங்கள். வழியில் எருமைக் கூட்டம் குறுக்கே நின்றால் அது நகரும்போதுதான் நீங்களும் நகர முடியும்.

பின்சேர்க்கை 1: இதைப் படித்துவிட்டுப் போன ஒருவர், பணம் கட்டியும் உள்ளே விடவில்லை என்று எழுதியிருந்தார். சீட்டை அனுப்பச் சொல்லிப் பார்த்தேன். அவர் கட்டியது, நடந்தபடியே விலங்குகளைப் பார்க்கும் சஃபாரி வாக் என்ற இடத்துக்கு. லங்காட்டா சாலையில் உள்ள முதன்மை வாசலை ஒட்டித் தேசியப் பூங்கா, சஃபாரி வாக், விலங்கு அனாதை இல்லம் என மூன்று இருக்கின்றன. மூன்றுக்கும் தனித்தனிச் சீட்டு. பெயரை முழுதாகப் படித்துவிட்டு அழுத்துங்கள்.

பின்சேர்க்கை 2: குழந்தையோடு போகும் ஒரு வாசகி, குளிருமா என்று கேட்டிருந்தார். குளிரும். நைரோபி கடல்மட்டத்திலிருந்து 1,600 மீட்டருக்கும் மேல் இருக்கிறது. கூரையைத் திறந்த வேனில் காலை ஏழு மணிக் காற்றுக்கு ஸ்வெட்டர் அவசியம். பதினொரு மணிக்கு அதையே கழற்றி மடியில் வைத்துக்கொள்வீர்கள்.

பின்சேர்க்கை 3: யானை வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களுக்கு, பூங்காவின் எல்லைக்குள்ளேயே ஷெல்ட்ரிக் அறக்கட்டளையின் யானைக்குட்டிக் காப்பகம் இருக்கிறது. முன்பதிவு கட்டாயம், பகல் பதினொன்று முதல் பன்னிரண்டு வரைதான் பொதுமக்கள் பார்க்கலாம். அத்தை டிசம்பரில் மறுபடி வருகிறார். விமான டிக்கெட்டுக்கு முன்பே இதைப் பதிவு செய்துவிட்டேனா என்று இரண்டு முறை கேட்டுவிட்டார்.