மரப் பாகங்களை வெளியே செய்து வாங்கும்போது: ஐம்பது, நூறு என்ற அளவிலான ஆர்டருக்கு

கைப்பிடி, விளக்குத் தண்டு, கருவிப்பெட்டி மூடி என்று ஐம்பதோ இருநூறோ தேவைப்படும்போது, அதற்காக இயந்திரம் வாங்கிப் போடுவது கட்டுப்படியாகாது. ஒரு பட்டறைக்கு ஜாப் வொர்க் (கூலிக்குச் செய்து தரும் வேலை) கொடுப்பதுதான் வழி. அதில் வரும் தகராறுகளில் பெரும்பாலானவை பட்டறையின் வேலைக் குறையால் வருவதில்லை, ஆர்டரில் எழுதாமல் விட்டதால் வருகின்றன.

முதலில் வரைபடம். போட்டோவும் ஒரு பழைய பீஸும் மட்டும் போதாது. எந்த அளவு இன்னொரு பாகத்தோடு பொருந்த வேண்டுமோ அதற்கு மட்டும் ±0.2 மி.மீ. டாலரன்ஸ் (அளவில் அனுமதிக்கும் ஏற்ற இறக்கம்) கேளுங்கள், மற்றவற்றுக்கு ±0.5 தாராளம். எல்லா இடத்திலும் ±0.1 என்று எழுதினால் விலை ஏறும், மரம் அந்த அளவில் நிற்கவும் நிற்காது. சிஎன்சி ரவுட்டரில் (கணினி இயக்கத்தில், பிட் என்ற சுழலும் வெட்டுமுனையால் குடையும் இயந்திரம்) உள்மூலை சதுரமாக வராது. 6 மி.மீ. பிட் ஓடினால் மூலையில் 3 மி.மீ. வளைவு நிற்கும். அது வேண்டாமென்றால் உளியால் கையில் செதுக்க வேண்டும், அதற்குத் தனிக் கூலி.

நார் ஓடும் திசையை வரைபடத்தில் அம்புக்குறியால் காட்டுங்கள். பலர் விட்டுவிடும் இடம் இதுதான். ஒரு கொக்கியின் கழுத்தில் நார் குறுக்கே ஓடினால், பீஸ் பார்க்க அழகாக இருக்கும், மாட்டிய முதல் வாரமே ஒடியும். கணு, வெடிப்பு, வெள்ளைப்பகுதி (பட்டைக்கு அடுத்துள்ள வெளிர்நிற மரம்) ஆகியவை எங்கே வரலாம், எங்கே கூடவே கூடாது என்பதையும் அதே தாளில் எழுதுங்கள்.

அடுத்தது மரத்தின் ஈரப்பதம். அறைக்குள் பயன்படும் பாகங்களுக்கு 8 முதல் 12 சதவீதம் என்று கேட்பது வழக்கம். பயன்படும் இடத்தின் காற்று எப்படியோ அதற்கு ஏற்ப இது மாறும். ஈரத்தைச் சொல்லாமல் அகலத்துக்கு மட்டும் டாலரன்ஸ் கொடுப்பதில் பொருளே இல்லை. பீச் மரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்டு வளையத்தை ஒட்டிய திசையில், ஈரம் ஒரு சதவீதம் மாறினால் ஏறத்தாழ 0.4 சதவீதம் சுருங்கும் அல்லது விரியும். அந்தத் திசையில் 100 மி.மீ. அகலமுள்ள பலகை 14 சதவீதத்தில் அறுபட்டு, உங்கள் அறையில் 10 சதவீதத்துக்குக் காய்ந்தால் 1.6 மி.மீ. குறையும். வளையத்துக்குக் குறுக்கே சுருக்கம் ஏறக்குறைய இதில் பாதி. அதனால்தான் 30 மி.மீ. உருட்டுத் தண்டு கடைசலில் வட்டமாக வந்து, காய்ந்தபின் கால் மி.மீ. அளவு முட்டை வடிவமாகி, துளையில் ஒரு பக்கம் இறுகும், ஒரு பக்கம் ஆடும். தேக்கு இதைவிடக் குறைவாகவே அசையும். நீளவாக்கில் எந்த மரமும் கணக்கில் கொள்ளும் அளவுக்கு மாறாது.

ஈரப்பத மீட்டரைப் பலகையின் மேலே குத்திப் பார்த்துத் திருப்தி அடைய வேண்டாம். நுனியிலிருந்து 30 செ.மீ. தள்ளி அறுத்து, புது வெட்டின் நடுவில் குத்துங்கள். சந்தேகம் தீரவில்லையா? ஒரு துண்டை எடைபோட்டு, 103 டிகிரி செல்சியஸில் எடை இனிக் குறையாது என்ற நிலை வரும்வரை உலர்த்துங்கள். 56 கிராம் 50 ஆனால், குறைந்த 6 கிராமை உலர்ந்த எடையால் வகுக்க வேண்டும்: 12 சதவீதம்.

விலை கேட்கும்போது செட்டப் கூலியைத் தனியாகப் பிரித்துக் கேளுங்கள். ஜிக் (ஒவ்வொரு பீஸையும் ஒரே நிலையில் பிடித்து வெட்ட உதவும் தாங்கி) செய்வதற்கும் புரோகிராம் எழுதுவதற்கும் ஆகும் செலவு பத்துப் பீஸுக்கும் இருநூறுக்கும் ஒன்றுதான். 50, 100, 200 என்று மூன்று விலை வாங்கினால் எங்கே லாபம் என்பது தெரிந்துவிடும். ஜிக் யாருக்குச் சொந்தம், மறு ஆர்டர் வரை யார் பத்திரமாக வைப்பது என்பதை அப்போதே பேசி எழுதிக்கொள்ளுங்கள். கழிவுக்கு 5 முதல் 10 சதவீதம் கூடுதலாகச் செய்யச் சொல்லுங்கள். நாலு பீஸுக்காக மறுபடி செட்டப் போடுவது எல்லோருக்கும் நஷ்டம், நிறமும் ஒத்துவராது.

சாம்பிள், மொத்த வேலை ஓடப்போகும் அதே இயந்திரத்தில், அதே ஜிக்கில் வந்ததாக இருக்க வேண்டும். கைத்தேர்ந்தவர் ஒருவர் நாள் முழுக்க உட்கார்ந்து செய்த ஒற்றைப் பீஸ் எதையும் சொல்லாது. மூன்று பீஸ் வாங்கி, உங்கள் அறையில் ஒரு வாரம் வைத்து மறுபடி அளந்த பிறகு ஒப்புதல் கொடுங்கள். இரு தரப்பும் கையெழுத்திட்ட பீஸ் ஆளுக்கு ஒன்று இருக்கட்டும்.

சரக்கு வந்ததும் காலிப்பரைவிட வேகமாக உதவுவது போகும்–போகாத கேஜ். 8 மி.மீ. துளைக்கு 8.0 எஃகுக் கம்பி நுழைய வேண்டும், 8.3 நுழையக் கூடாது. ஒரு துளைக்கு இரண்டு நொடி. முதல் பத்தையும் கடைசிப் பத்தையும் தவறாமல் பாருங்கள். பிட் மழுங்குவதும் ஜிக் நகர்வதும் கடைசியில்தான் தெரியும். விளிம்பில் நார் பிய்ந்திருந்தால் பெரும்பாலும் காரணம் மழுங்கிய பிட், அல்லது துளையின் மறுபக்கம் தாங்குபலகை வைக்காதது.

"நல்லா ஃபினிஷ்" என்று எழுதாமல், உப்புத்தாள் 120, 180, கடைசியாக 220 என்று எழுதுங்கள். தண்ணீர் கலந்த பூச்சு என்றால் நார் எழும்பும், முதல் கோட்டுக்குப் பின் லேசாகத் தேய்க்கச் சொல்ல வேண்டும். பொருந்தும் முனைகளில் பூச்சே வேண்டாம், அதன் தடிமனே இறுக்கிவிடும். பூச்சு முழுதாகக் காயும் முன் பிளாஸ்டிக்கில் சுற்றினால் ஒட்டிக்கொண்டு தடம் விழும். பீஸ்களுக்கு நடுவில் காகிதம் வைக்கச் சொல்லுங்கள்.