கல்யாணமாகிப் பல வருஷம், மடியில் சின்னப் பிள்ளை: தவிர்க்க வேண்டிய சில தவறுகள்

கல்யாணமாகி 12, 15 வருஷம் ஆன வீட்டில் மூன்று வயதுப் பிள்ளை ஓடிக்கொண்டிருப்பது இப்போது அபூர்வமில்லை. சிலருக்குச் சிகிச்சைக்குப் பிறகு பிறந்த முதல் குழந்தை. சிலருக்கு, மூத்தது ஏழாம் வகுப்புக்குப் போனபின் வந்த இரண்டாவது. இருபத்தைந்து வயதில் பெற்றவர்களைவிட இவர்களுக்கு நிதானம் அதிகம், கையில் நாலு காசும் இருக்கும். ஆனால் இத்தனை வருஷம் சேர்ந்து வாழ்ந்ததாலேயே ஒரு சிக்கல். எதையும் வாய்விட்டுக் கேட்கும் பழக்கம் போயிருக்கும். ‘அவருக்குத் தெரியாதா என்ன’, ‘அவ பாத்துப்பா’ என்றே காலம் ஓடியிருக்கும். இரண்டு பேர் மட்டும் இருந்தவரை அது சரி. பிள்ளை வந்தபின் தகராறு பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது.

முதலில் வேலைப் பங்கீடு. மனைவிக்குச் சமையல், துணி. கணவருக்குக் கரண்ட் பில், கேஸ், வண்டி சர்வீஸ் என்று எப்போதோ தானாக அமைந்திருக்கும். பிள்ளையின் வேலைகளும் பேச்சே இல்லாமல் சமையல் பக்கம் போய்ச் சேர்ந்துவிடும். கரண்ட் பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவது. பிள்ளைக்கு மூக்கு ஒழுகுவது பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை.

அப்புறம் ஒருநாள் கணவர் தானே முன்வந்து பிள்ளையைக் குளிப்பாட்டப் போவார். மனைவி பாத்ரூம் வாசலில் நின்று, “தண்ணி சூடு பாத்தீங்களா? காதுல போகுது பாருங்க. விடுங்க, நானே ஊத்திக்கிறேன்” என்பார். இப்படி நாலு முறை நடந்தால் ஐந்தாம் முறை அவர் அந்தப் பக்கமே போகமாட்டார். ‘எதுவுமே செய்றதில்லை’ என்ற புகார் அடுத்த வாரம் வரும். தவறு இரண்டு பேரிடமும் உண்டு. ஆனாலும் கணவரின் பங்கு கொஞ்சம் கூடுதல் என்பேன். ‘சொன்னா செய்யப் போறேன்’ என்பவர், எதை எப்போது செய்ய வேண்டும் என்று நினைவு வைக்கும் வேலையை மனைவியின் தலையிலேயே விட்டுவைக்கிறார். அசதி வருவது அந்த நினைவு வைப்பதில்தான்.

ஆகவே துண்டு துண்டாக உதவுவதைவிட, ஒரு வேலையை முழுசாக எடுத்துக்கொள்வது நல்லது. தடுப்பூசியையே எடுத்துக்கொள்ளுங்கள். அரசு அட்டவணைப்படி 16 முதல் 24 மாதத்துக்குள் தட்டம்மை-ரூபெல்லா ஊசியின் இரண்டாம் தவணையும் முத்தடுப்பு ஊசியின் (தொண்டை அடைப்பான், கக்குவான், ரணஜன்னிக்கானது) முதல் பூஸ்டரும் போட வேண்டும். அடுத்த பூஸ்டர் 5-6 வயதில். பள்ளிக்கூடம், யூனிஃபார்ம், ஃபீஸ் என்று ஓடும் நேரத்தில் வருவதால் இது எளிதாக மறந்துபோகும். அப்பா இதை எடுத்துக்கொண்டால் தேதியை நினைவு வைப்பது, அட்டை எந்த டிராயரில் இருக்கிறது என்று தெரிந்திருப்பது, ஊசி போட்ட ராத்திரி காய்ச்சல் வந்தால் எழுந்து பார்ப்பது எல்லாமே அவர் பொறுப்பு. வண்டி ஓட்டிக்கொண்டு போய் வாசலில் இறக்கிவிடுவது மட்டும் போதாது. மனைவியும் இடையில் புகுந்து மேற்பார்வை பார்க்கக் கூடாது.

இரண்டாவது தவறு, நம் ஊருக்கே உரியது. பிள்ளையைத் தூது அனுப்புவது. “அப்பாகிட்ட சொல்லுடா, சாப்பாடு எடுத்து வச்சாச்சுன்னு.” அப்பா இரண்டடி தள்ளி உட்கார்ந்திருப்பார். “அம்மாகிட்ட சொல்லு, அப்பாவுக்குப் பசிக்கலையாம்.” பல வருஷம் வாழ்ந்தவர்கள் சத்தம் போட்டுச் சண்டை போடுவது குறைவு. மௌனம்தான் அவர்கள் ஆயுதம். முன்பு இரண்டு நாள் பேசாமல் இருந்து மூன்றாம் நாள் காபி டம்ளரோடு சமாதானம் ஆகிவிடும். இப்போது நடுவில் ஒரு பிள்ளை இருப்பதால், பேசாமலே வாரக்கணக்கில் குடும்பம் நடத்த முடிகிறது! மூன்று வயதுப் பிள்ளைக்குச் சொல்லின் பொருள் முழுசாகப் புரியாவிட்டாலும் குரலும் முகமும் நன்றாகவே புரியும். கைக்குழந்தைக்கே புரியும். எட்வர்ட் ட்ரோனிக் என்ற அமெரிக்க உளவியலாளர் 1970-களில் செய்த சோதனையில், விளையாடிக்கொண்டிருந்த தாய் திடீரென முகத்தில் எந்த உணர்ச்சியும் காட்டாமல் இருந்ததும், சில மாதக் குழந்தைகள் முதலில் சிரித்தும் கை நீட்டியும் பார்த்தன. பிறகு வாடிப்போய் முகத்தைத் திருப்பிக்கொண்டன.

பிள்ளை முன்னால் சண்டையே கூடாது என்று நான் சொல்லமாட்டேன், அது நடக்கிற காரியமா? கோபத்தை அதன் முன்னால் காட்டினால் சமாதானத்தையும் அதன் முன்னாலேயே காட்டுங்கள். நாம் பெரும்பாலும் பிள்ளை தூங்கியபின் சமாதானம் ஆகிறோம். பிள்ளைக்குத் தெரிவது சண்டை மட்டும். ‘அப்பா வரட்டும், சொல்லித் தரேன்’ என்று அப்பாவைப் பூச்சாண்டியாக்குவதும் இதே வகைதான். நாளெல்லாம் ஆபீஸில் இருந்துவிட்டு வருபவர் வீட்டுக்குள் நுழையும்போதே போலீஸ்காரராக நுழைய வேண்டியிருக்கிறது.

அடுத்து, படுக்கை. பிள்ளையை நடுவில் போட்டுப் படுப்பது நம் வீடுகளில் சகஜம், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ‘அவன் உதைக்கிறான், காலையில ஆபீஸ் இருக்கு’ என்று கணவர் ஹாலுக்குப் போவார். தற்காலிகமாகத்தான். வருஷம் இரண்டு ஓடும், பாய் ஹாலிலேயே இருக்கும். இதைப் பற்றி இருவரும் பேசியே இருக்கமாட்டார்கள். பிள்ளையின் தூக்க நேரத்தை ஒழுங்கு செய்தாலே இதில் பாதி சரியாகும். 3-4 வயதுக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து ஒரு நாளைக்கு 10 முதல் 13 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அப்பா வரும்வரை விழித்திருந்து, அவரோடு ஆட்டம் போட்டு, 11 மணிக்குத் தூங்கி, வேனுக்காக ஆறரைக்கு எழுப்பப்படும் பிள்ளைக்கு ராத்திரியில் கிடைப்பது ஏழரை மணி நேரம்தான். அப்பாவோடு விளையாடுவதைக் காலைக்கு மாற்றலாம். ஒன்பது மணிக்குப் பிள்ளை தூங்கிவிட்டால், புருஷன் பெண்டாட்டி சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடவாவது நேரம் கிடைக்கும்.

செல்போனைக் காட்டிச் சோறு ஊட்டக்கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும், எல்லோரும் ஊட்டுகிறார்கள். இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம், 2 முதல் 4 வயதுவரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்பது அதே நிறுவனம் 2019-ல் சொன்னது. அம்மா மறுத்ததை அப்பாவோ பாட்டியோ கொடுத்துவிட்டால் இந்தக் கணக்கெல்லாம் காற்றில் போய்விடும். தவமிருந்து பெற்ற பிள்ளைக்கு ‘இல்லை’ சொல்ல யாருக்கும் மனசு வருவதில்லை. சோறு இறங்கவில்லை என்று பாலாகக் கொடுத்துக்கொண்டே இருப்பதும் அதனால்தான். நாளுக்கு அரை லிட்டருக்கு மேல் மாட்டுப்பால் போனால் சோற்றில் பசி குறையும், ரத்தசோகையும் வரலாம்.

கடைசியாகப் பணம். 41 வயதில் மூன்று வயதுப் பிள்ளை என்றால், 60-ல் ஓய்வு பெறும்போது பிள்ளைக்கு 22. படிப்பு முடிந்தும் முடியாத வயது. பெண் குழந்தைக்கு அரசின் செல்வமகள் சேமிப்புக் கணக்கு தொடங்குவது நல்லதுதான், ஆனால் அது முதிர்வது தொடங்கியதிலிருந்து 21 வருஷம் கழித்து. மேற்படிப்புக்கு என்று இடையில் எடுத்தாலும் இருப்பில் பாதிவரைதான் எடுக்க முடியும். கல்லூரி ஃபீஸுக்கு அதையே முழுதாக நம்பியிருக்கக் கூடாது.

அதைவிட முக்கியம், பழைய காகிதங்கள். கல்யாணத்துக்கு முன் எடுத்த பாலிசியில் நாமினியாக இன்னும் அம்மா பெயரே இருக்கும், அவர் இப்போது உயிரோடு இல்லாமலும் இருக்கலாம். பிள்ளையை நாமினியாகப் போட்டால் 18 வயதுவரை அதன் சார்பில் பணத்தைப் பெற்றுக்கொள்ள ஒருவரை நியமிக்க வேண்டும். வீட்டுக் கடன் உள்ளவர், புதிதாக டேர்ம் பாலிசி (குறிப்பிட்ட காலத்துக்குள் இறந்தால் மட்டும் குடும்பத்துக்குப் பணம் தரும் காப்பீடு) எடுக்கும்போதே திருமணமான பெண்கள் சொத்துரிமைச் சட்டம், 1874-ன் கீழ் எடுத்தால், அந்தப் பணம் மனைவிக்கும் பிள்ளைக்கும் மட்டுமே சேரும், கடன்காரர் கை வைக்க முடியாது. வாங்கியபின் அப்படி மாற்றிக்கொள்ள முடியாது. எந்தக் கணக்கு எங்கே இருக்கிறது, யார் நாமினி, லாக்கர் சாவி எங்கே என்று இருவரும் சேர்ந்து உட்கார்ந்து ஒரு நோட்டில் எழுதி முடிக்க, ஞாயிற்றுக்கிழமை மதியம் பிள்ளை தூங்கும் நேரம் போதும்.