காட்டாற்றுக் கயாக்கில் இருக்கையையும் முதுகுப்பட்டையையும் பொருத்தும் முறை

காட்டாற்றுக் கயாக்கில் (வேகமாகப் பாயும் ஆற்றில், கால் நீட்டி உட்கார்ந்து துடுப்பால் ஓட்டும் சிறு படகில்) முதன்முறையாக உட்காருபவர் பெரும்பாலும் பின்னால் இருக்கும் பட்டையைத்தான் முதலில் இறுக்குவார். பிறகு நாற்காலியில் சாய்வதுபோல் அதில் சாய்ந்துகொள்வார். பேக்பேண்ட் என்று வழங்கும் இந்த முதுகுப்பட்டை சாய்வதற்காக வைக்கப்பட்டதன்று. இடுப்பெலும்பு பின்னோக்கிச் சரியாமல் தடுப்பதே அதன் வேலை. முதுகை நிமிர்த்தி வைப்பதில் பாதம், தொடை, இடுப்பு ஆகிய மூன்றின் பிடிமானத்துக்கும் பங்கு உண்டு. அவை சரியாக அமையாத படகில் பட்டையை எவ்வளவு இறுக்கினாலும் வலிதான் மிஞ்சும்.

இதை நான் அனுபவித்தே கற்றேன். 2013இல் தொடங்கிய மலபார் ஆற்றுத் திருவிழாவின் கயாக் போட்டிகள் நடக்கும் சாலிப்புழையில், கோழிக்கோடு மாவட்டத்துத் துஷாரகிரிக்கு அருகே, வாடகைப் படகு ஒன்றில் பட்டையை முழுவதும் இறுக்கிக்கொண்டு இறங்கினேன். அரைமணி நேரத்தில் இரண்டு கால்களும் மரத்துப்போயின; கரையேறியபின் சிறிது நேரம் எழுந்து நிற்கவே முடியவில்லை. பட்டையைக் கடைசியாக மாட்டும் பழக்கம் அன்றுதான் வந்தது.

தொடங்கும் முன்

ஆற்றில் அணியும் உடையையும் காலணியையும் இப்போதே அணிந்துகொள்ளுங்கள். தடித்த வெட்சூட்டும் ரப்பர்க் காலணியும் அளவை மாற்றிவிடும். பிறகு முதுகுப்பட்டை, தொடைப்பிடி, பாதப்பலகை, இடுப்புத் திண்டு எல்லாவற்றையும் தளர்த்திவிடுங்கள். முன்பு ஓட்டியவரின் அளவிலிருந்து தொடங்கினால் எந்தத் திருத்தம் எதற்காக என்பது புரியாமல் போகும்.

முதற்படி: இருக்கையின் இடம்

அலையில்லாத ஆழமற்ற நீரில் படகை மிதக்கவிட்டு உட்காருங்கள். கரையில் நிற்கும் நண்பர் பக்கவாட்டிலிருந்து பார்த்து, முன்முனையும் பின்முனையும் சமமாக மிதக்கின்றனவா என்று சொல்லட்டும். முன்முனை தாழ்ந்தால் இருக்கையைப் பின்னுக்கும், பின்முனை தாழ்ந்தால் முன்னுக்கும் நகர்த்த வேண்டும். ஒரு சென்டிமீட்டர் நகர்த்தினாலும் படகு திரும்பும் விதத்தில் வேறுபாடு தெரியும். இடவசதிக்காக இருக்கைக்கு முன்னும் பின்னும் நிற்கும் நுரைத் தூணை மட்டும் எடுத்துவிடாதீர்கள். பாறையில் சிக்கும் படகின் மேற்கூடு நசுங்காமல் தாங்குவது அதுதான்.

இரண்டாம் படி: தொடையும் பாதமும்

இவ்விரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும். தொடைப்பிடி முழங்காலுக்குச் சற்று மேலே, தொடையின் மேற்புறத்தை வளைத்துப் பிடிக்கும்படி அமைய வேண்டும். பிறகு பாதப்பலகையை நகர்த்தி, குதிகால்கள் உள்நோக்கியும் விரல்கள் வெளிநோக்கியும் இருக்கும்படி, முழுப் பாதமும் அதில் படியுமாறு வையுங்கள். பாதத்தை அழுத்தினால் தொடை பிடியில் இறுக வேண்டும், தளர்த்தினால் விடுபட வேண்டும். பாதத்தைத் தளர்த்தினாலும் தொடை பிடியிலிருந்து விடுபடவில்லை என்றால் பலகை மிக அருகில் இருக்கிறது என்று பொருள். முன்முனை பாறையில் மோதும்போது அதன் விசை கணுக்காலுக்கு வரும் என்பதால், பலகையின்மேல் தடித்த நுரை ஒட்டியிருப்பது நல்லது.

மூன்றாம் படி: இடுப்புத் திண்டு

படகைச் சாய்க்கும்போது இடுப்பு இருக்கையில் வழுக்கக்கூடாது; அதே நேரம் எலும்பு நசுங்கவும் கூடாது. திண்டுக்கும் இடுப்புக்கும் இடையே விரித்த கை சற்றுச் சிரமப்பட்டு நுழைந்தால் போதுமானது. மினிசெல் எனப்படும், நீரை உறிஞ்சாத கெட்டி நுரையின் மெல்லிய தகடுகளை ஒவ்வொன்றாகச் செருகிப் பார்த்து, அதிகமான இடத்தை மணல்தாளால் தேய்த்து வடிவமைக்கலாம். ஆற்றில் ஒருமுறையாவது ஓட்டிப் பார்க்காமல் பசை போடாதீர்கள். பசை போடும்போது இரண்டு பரப்பிலும் தடவி, விரலில் ஒட்டாத அளவுக்கு உலரவிட்டு, பிறகு அழுத்திப் பொருத்துங்கள்.

நான்காம் படி: முதுகுப்பட்டை

இப்போதுதான் பட்டையின் முறை. அது கால்சட்டையின் பெல்ட் வரும் உயரத்தில், இடுப்பெலும்பின் பின்விளிம்பை ஒட்டி இருக்க வேண்டும். விலா எலும்பு வரை ஏறினால், துடுப்புப் போடும்போது உடற்பகுதி திரும்புவதையும், கவிழ்ந்த படகை நிமிர்த்தும்போது பின்னோக்கிச் சாய்வதையும் அது தடுக்கும். ஏரியில் உலாவும் படகுகளின் உயரமான சாய்மானம் இங்கே பொருந்தாததற்குக் காரணம் இதுவே.

இறுக்கும் முறை இது: முதலில் பிட்டத்தை இருக்கையின் கடைசிவரை பின்னுக்குத் தள்ளுங்கள். தொப்புளை முன்னோக்கிக் கொண்டுவருவதுபோல் இடுப்பெலும்பை முன்னே சாய்த்து நிமிருங்கள். அந்த நிலையிலேயே ராட்செட்டையோ (பட்டையைப் படிப்படியாக இறுக்கும் பற்கள் கொண்ட பிடி) கயிற்றையோ இழுத்து, பட்டை முதுகைத் தொட்டதும் நிறுத்துங்கள். வயிறு மடியும் அளவுக்கு முன்னே குனிய முடிய வேண்டும். நிமிரும்போது பட்டை மறுபடியும் வந்து தாங்க வேண்டும். உள்ளே இறங்கும்போது பட்டை மடங்கிப் பிட்டத்தின் அடியில் சிக்கிக்கொள்வது அடிக்கடி நடக்கும். அதைப் பின்னாலிருந்து இழுத்துப் பிடிக்கும் இழுகயிறு தொய்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

இத்தனை செய்தும் சில நிமிடங்களில் முதுகு கூன்போட்டுவிடுகிறது என்றால், குற்றம் பட்டையிடம் இல்லாமல் இருக்கலாம். தொடையின் பின்தசை இறுகியவர்களுக்குக் கால் நீட்டி உட்காரும்போது அந்தத் தசை இடுப்பெலும்பைப் பின்னோக்கி இழுக்கும்; அடிமுதுகு வளைந்து வலிக்கும். முழங்காலுக்குச் சற்று முன்பாகத் தொடையின் அடியில் நுரைத் துண்டு வைத்துத் தாங்கினால் இந்த இழுவிசை குறையும். மரத்துப்போவது தொடர்ந்தால் பட்டை, திண்டு, பாதப்பலகை மூன்றையும் ஒவ்வொன்றாகத் தளர்த்திப் பார்த்து எது காரணம் என்று கண்டறியுங்கள். வலியைப் பொறுத்துக்கொண்டு ஓட்டுவது திறமை அல்ல.

ஐந்தாம் படி: வெளியேறிப் பார்த்தல்

எவ்வளவு இறுக்கமாகப் பொருந்தினாலும், கவிழ்ந்த நிலையில் நொடிகளில் வெளியே வர முடியாத படகு ஆற்றுக்கு ஏற்றதன்று. துணைக்கு ஒருவர் இடுப்பளவு நீரில் நிற்க, அமைதியான இடத்தில் கவிழ்ந்து, குனிந்தபடியே ஸ்ப்ரே ஸ்கர்ட்டின் (இடுப்பைச் சுற்றிப் படகின் வாயை மூடும் உறை) வளையத்தை இழுத்து, இடுப்பின் இருபுறமும் கையூன்றித் தள்ளி வெளியே வாருங்கள். மூன்று முறையாவது செய்யுங்கள். காலோ காலணியோ எங்காவது தட்டினால் அந்த இடத்தைத் திருத்திவிட்டு மறுபடி முதலிலிருந்து செய்யுங்கள். தொங்கும் பட்டை நுனிகளை மடித்துச் செருகுங்கள். அவை காலில் சுற்றிக்கொள்ளக்கூடும்.

ஒரு மணி நேரம் ஓட்டி, எல்லாம் சரி என்று தெரிந்தபின், இருக்கையும் பாதப்பலகையும் நின்ற இடங்களை நீரில் அழியாத பேனாவால் குறித்துவையுங்கள். ராட்செட்டில் புகுந்த மணலை நல்ல நீரால் கழுவிவிடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த முறை அது பாதியில் நின்றுவிடும்.